வெறும் படம்தானே என்கிறவர்களுக்கு

“படத்தைப் படமா பாருங்க.” இதைச் சொல்லிவிட்டால் போதும், தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணின் வாயையும் அடைத்துவிடலாம். வேண்டாம் என்று சொன்னவளின் பின்னாலேயே கதாநாயகன் பாதிப் படம் அலைகிறானே என்று கேட்டால் இதுதான் பதில். சீரியலில் ஒருத்தர் வீட்டு மருமகள்களை இந்த விரட்டு விரட்டுகிறாரே என்றாலும் இதேதான். வாலாஜாபாத் பஸ் நிலையத்துப் பக்கம் டீக்கடையில் நிற்கிறவர் சொல்கிறார். யூடியூபில் முதல் நாள் முதல் காட்சி முடிந்ததும் விமர்சனம் சொல்கிறவர் சொல்கிறார். பட்டிமன்றப் பேச்சாளர் சொல்லிக் கைதட்டும் வாங்கிவிடுகிறார். ஊரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்ட சங்கதி போல ஆகிவிட்டது. நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

இதைச் சொல்கிறவர்களில் என் சித்தி மகன் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நின்று கேட்பேன். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் லைன் லீடர். “அக்கா, எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்றோம். டார்கெட்டு, ரிஜெக்‌ஷனு, மேல இருக்கிறவன் ஏச்சு, எல்லாத்தையும் மறந்து ரெண்டரை மணி நேரம் சிரிச்சுட்டு வரலாம்னு போறோம். அங்கயும் வந்து ஆம்பளை பொம்பளைன்னு பாடம் எடுத்தா எப்படி?” என்பான். இந்தக் கட்சிக்கு இவனைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டார். அதனால் மற்றவர்களை விட்டுவிட்டு முதலில் இவனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நின்றுவிட்டு வருகிறவன் இவன் மட்டும் இல்லை. நாடு முழுக்க ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 100க்கு 40 பேருக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பெரிய கூட்டம் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று இந்தச் சாலைகளில்தான் காலையும் மாலையும் நள்ளிரவும் கம்பெனி பஸ் ஏறி இறங்குகிறது. எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண்கள் செய்யாறு, வந்தவாசி, திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர்கள். எலக்ட்ரானிக்ஸ் லைன். தலைக்குக் குல்லா, மேலே கோட்டு, கைக்கு உறை. போன் லாக்கரில் போய்விடும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அம்மாவின் மிஸ்டு கால் எத்தனை என்றே தெரியும். மாடியேறி, குளித்து, ரசத்துக்குப் புளியை ஊறப்போட்டுவிட்டுப் போனைச் சொம்பில் சாய்த்துவைத்துப் படம் பார்க்க உட்காருவார்கள். சித்தி மகனைப் போல இவர்களுக்கும் மறக்கத்தான் ஆசை. மறக்க விடமாட்டேன் என்பது படம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்து டிவியில் ‘மன்னன்’ ஓடிக்கொண்டிருந்தது. 1992 பொங்கலுக்கு வந்த பி. வாசு படம். ரஜினிகாந்த் தொழிலாளி, விஜயசாந்தி முதலாளி. ரஜினியும் கவுண்டமணியும் தியேட்டரில் முதல் டிக்கெட் வாங்க அடித்துப்பிடித்து நிற்கும் காட்சிக்கு மாடிப் பெண்கள் எல்லாரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். சிரிக்கத் தெரியாத கூட்டம் என்று யாரும் நினைக்கவேண்டாம். தொழிலில் முதலிடத்தை விடமாட்டேன் என்று நின்ற பெண் கடைசியில் குடும்பப் பெண்ணாக அடங்குவதில் படம் முடிந்தது. விளம்பரம் போட்டான். வந்தவாசிப் பெண் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: “ஏன்க்கா, இனிமே அந்தக் கம்பெனிய யாரு பாத்துக்குவா?”

“அவங்க வூட்டுக்காரருதான்” என்றாள் இன்னொருத்தி.

“அவருக்கு மிசினு தெரியும். கணக்கு வழக்கு தெரியுமா?”

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். இதைப் பாடம் எடுப்பது என்றா சொல்வது? பெண்ணியம் பற்றி அவள் ஒரு கட்டுரைகூடப் படித்ததில்லை. ஆயிரம் பேருக்குச் சம்பளம் போடும் ஆபீசை ஒரு பெண் விட்டுவிட்டு வந்தால் நாளைக் காலையில் யார் செக்கில் கையெழுத்துப் போடுவது என்று தினமும் பன்ச் வைக்கிறவள் கேட்கிறாள். படத்தைப் படமாகப் பார்த்ததால்தான் இந்தக் கேள்வி வந்தது. கதையில் இருக்கும் ஓட்டையைக் காட்டியவளைப் போய், கதையைத் தாண்டிப் பேசுகிறாய் என்றால் எப்படி?

அந்தப் பெண்ணுக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தன்னை வைத்திருப்பார்களா என்கிற கவலை அவளுக்கு இருந்தது. வீண் கவலை இல்லை. சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களுக்கு வேலை கொடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு அதிகம் என்பதுதான் காரணமாம். அந்த நிறுவனம் அப்படி ஒரு பாகுபாடே இல்லை என்று மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தாலி ஏறினால் வேலை இறங்கும் என்று திரையில் வணக்கம் போடுவதும், வேலைக்கு எடுக்கும் இடத்தில் உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பதும் ஒரே வாயிலிருந்து வருகிற பேச்சுதான். படம் பார்த்துத்தான் கம்பெனிக்காரன் கற்றுக்கொண்டான் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது சீரியல். சினிமா பற்றிப் பெண்கள் பேசினால் கோபப்படுகிறவர்கள் சீரியல் பற்றிப் பேசினால் கேலி செய்வார்கள். மூளை மழுங்கியவர்கள் பார்ப்பது, அழுமூஞ்சி, மாமியார் மருமகள் சண்டை என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கும். சன் டிவியில் 2022லிருந்து 2024 வரை ஓடிய திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’ அந்தக் கேலியை எப்படித் தலைகீழாக்கியது என்பதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். ஆதி குணசேகரன் என்கிற மூத்த அண்ணன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் அடுப்படியிலேயே கட்டிப்போட நினைப்பவர். மாரிமுத்து நடித்தார். பிரமாதமாக நடித்தார். 2023 செப்டம்பரில் அதே தொடருக்கு டப்பிங் பேசப்போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். அவர் மேல் எனக்கு ஒரு பழியும் இல்லை. ஆனால் அவர் மருமகள்களை அதட்டிக் கூப்பிடும் இரண்டு சொல் இருக்கிறதே, அதை ரிங்டோனாக வைத்துக்கொண்டு, ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டு, வீட்டில் மனைவியை அதே தொனியில் கூப்பிட்டுச் சிரித்தவர்கள் ஆண்கள்தான். சீரியலைச் சீரியலாகப் பார்க்கத் தெரியாதவர்கள் யார், சொல்லுங்கள்?

பெண்கள் அதை வேறு விதமாகப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமியாரிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. ராத்திரி அந்தத் தொடர் ஆரம்பித்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டிவைப்பார். “ஏன்டி ரேணுகா, இன்னும் எத்தினி நாளைக்கு வாய மூடினு இருப்ப? ஒரு பொம்பளைக்குத் தன் பேர்ல ஒரு ரூபா இருக்கக்கூடாதா?” என்று டிவியில் வரும் அந்த வீட்டு மருமகளைப் பார்த்துக் கேட்பார். கேட்பது டிவியைத்தான். போய்ச் சேருவது திண்ணையில் வெற்றிலை இடிக்கும் மாமியாருக்கும், உள்ளே சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கும். மகளுக்குச் சொல்வது போல மருமகளுக்குச் சொல்வது என்று நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாமியார்களின் அந்த வித்தையை மருமகள் எடுத்துத் திருப்பிப்போட்டுவிட்டார். அந்த அக்கா தையல் கற்றுக்கொள்ளப் போவதற்கு அனுமதி வாங்கியதும் இப்படித்தான். அனுமதி கேட்டதாகவே யாருக்கும் தெரியாது. சில வாரம் டிவியோடு சண்டை போட்டார். ஒருநாள் மாமியாரே, “போய்த்தான் வாயேன், எதுக்கு அந்த டப்பாவைத் திட்டிக்கிட்டு” என்றாராம்.

நான் சொல்லவருவது முழுக்க இதற்குள் இருக்கிறது. நேராகச் சொல்ல முடியாததை ஜாடையாகச் சொல்ல நம் பெண்களுக்குக் கிடைத்த இடம் சினிமாவும் சீரியலும். அப்பாவிடம் சொல்ல முடியாது, அண்ணனிடம் முடியாது, சூப்பர்வைசரிடம் முடியவே முடியாது. ‘அந்தப் படத்துல அவன் பண்ணது சரியில்லடி’ என்று சொல்லலாம். பக்கத்து சீட்டுக்காரி அதில் இருக்கும் இன்னொரு ‘அவன்’ யாரென்று புரிந்துகொள்வாள். வெறும் படம்தானே என்று அந்தப் பேச்சை வெட்டுகிறவர் சினிமாவைக் காப்பாற்றவில்லை. அவள் வாழ்க்கையைப் பற்றிப் பேச இருந்த ஒரு ஜன்னலைச் சாத்துகிறார். பல பேர் தெரிந்தேதான் சாத்துகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் இதே தமிழ்நாட்டில் படத்தைப் படமாக யார், எப்போது பார்த்தார்கள்? ‘சண்டியர்’ என்று பெயர் வைத்ததற்கே கலாட்டா வந்து அது ‘விருமாண்டி’ ஆனது. 2013இல் ‘விஸ்வரூபம்’ வெளியாக விடாமல் அரசே தடை போட்டது. 2017இல் ‘மெர்சல்’ படத்தில் ஜிஎஸ்டி பற்றி வந்த வசனத்தை நீக்கச் சொல்லி பா.ஜ.க. தலைவர்கள் கொதித்தார்கள். 2018இல் ‘சர்கார்’ படத்தில் இலவச மிக்சியை நெருப்பில் போட்டதற்கு அன்றைய ஆளுங்கட்சியினர் தியேட்டர் பேனரைக் கிழித்தார்கள், காட்சி வெட்டப்பட்டது. 2021இல் ‘ஜெய் பீம்’ படத்தின் பின்னணியில் தொங்கிய ஒரு காலண்டர் படத்துக்கு வந்த எதிர்ப்பு நமக்கெல்லாம் நினைவிருக்கும், இந்த வட மாவட்டங்களில் நன்றாகவே நினைவிருக்கும். காலண்டரை மாற்றினார்கள். 2024 ஜனவரியில் ‘அன்னபூரணி’யை நெட்ஃபிளிக்ஸ் எடுத்தேவிட்டது. சமையல் கலைஞர் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு பெண்ணின் கதை அது. அவள் ஆசைக்கு அப்பா போட்ட தடையைப் பற்றி ஒருவரும் கொதிக்கவில்லை, அவள் சட்டியில் இருந்த கறியைப் பற்றித்தான் கொதித்தார்கள்.

சாதிக்கு ஒன்று என்றால் படம் படமில்லை. மதத்துக்கு ஒன்று என்றால் இல்லை. கட்சிக்கு ஒன்று என்றால் இல்லவே இல்லை. பெண்ணுக்கு ஒன்று என்றால் மட்டும் அது திடீரென்று வெறும் படம் ஆகிவிடுகிறது. இத்தனைக்கும் பெண்கள் யாரும் தடை கேட்கவில்லை. எந்தப் பேனரையும் கிழிக்கவில்லை. மாடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே ஒரு கேள்வி கேட்டார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

படத்தைப் படமாகப் பார்த்திருந்தால் இந்த மாநிலத்தின் சரித்திரமே வேறு. அண்ணா பிறந்த காஞ்சிபுரம் எங்களுக்கு அரை மணிப் பஸ் தூரம். ‘வேலைக்காரி’யை எழுதியவர் கோட்டைக்குப் போனார். வசனம் எழுதிய இன்னொருவர் போனார். நடித்தவர் போனார், கூட நடித்தவரும் போனார். 2025 ஜனவரியில் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் மக்களைப் பார்க்க விஜய் இந்தப் பக்கம் வந்தபோது சாலையில் திரண்ட கூட்டம் யாரைப் பார்க்க வந்தது? நிலத்தைக் காப்பாற்றுவார் என்று நம்பி வந்தவர்கள் இருந்தார்கள், ‘கில்லி’யைப் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள், இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் வந்தவர்கள்தான் அதிகம். அதில் தப்பொன்றும் இல்லை, நம் மண்ணின் இயல்பு அது. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன் கதாநாயகனின் வீரத்தை நிஜம் என்று எடுத்துக்கொள்ளலாமாம். அதே கதாநாயகன் பெண்ணுக்கு உடை பற்றி உபதேசம் செய்தால் அதை மட்டும் நடிப்பு என்று விட்டுவிட வேண்டுமாம்.

இப்போது இவர்களின் கடைசி அரண். “படத்தைப் பார்த்தா ஒருத்தன் பொண்ணு பின்னாடி போறான்? கெட்டவன் எப்படியும் கெட்டவன்தான்.” இதில் பாதி உண்மை இருக்கிறது. 1998இல் சென்னையில் ஈவ் டீசிங்கில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகுதான் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2013இல் பெண்ணைப் பின்தொடர்வதே குற்றம் என்று நாட்டின் சட்டத்தில் சேர்த்தார்கள். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் பட்டப்பகலில் ஓர் இளம்பெண்ணை வெட்டிக் கொன்றபோது சினிமாவைத்தான் பலரும் குற்றம் சொன்னார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே, நிச்சயமான பெண்ணை நர்ஸ் வேஷம் போட்டு ஏமாற்றிக் காதலிக்க வைக்கும் ‘ரெமோ’ வந்து ஓடவும் ஓடியது. கொலைக்கும் படத்துக்கும் நேர்க்கோடு போட முடியாது. நான் போடவும் மாட்டேன்.

ஆனால் பின்தொடர்கிறவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் படம் எங்கே வேலை செய்கிறது என்பது தெரியாது. சுற்றி நிற்கிறவர்களைப் பார்க்கவேண்டும். மாடிப் பெண்களில் ஒருத்தியை ஒரு பையன் பைக்கில் தொடர்ந்துகொண்டிருந்தான். கம்பெனி பஸ் இறக்கிவிடும் இடத்தில் நிற்பான், வீட்டு முனை வரை வருவான். தொடுவதில்லை, திட்டுவதில்லை. வந்துகொண்டே இருப்பான். அவள் அங்கிருந்த கடைக்காரரிடம் சொன்னாள். “நல்ல பையன்தாம்மா, வேலைக்கிப் போறான். இன்னா, ஒன்னை அடிச்சானா? பேசித்தான் பாரேன்” என்றார் அவர். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை அவர்கள். அந்தப் பையன் ஒரு பர்ஸை அடித்துக்கொண்டு ஓடியிருந்தால் நாலு பேரும் துரத்திப் பிடித்திருப்பார்கள். இதை ஒரு காதல் கதையின் முதல் பாதியாக எடுத்துக்கொண்டு, இடைவேளைக்கு முன்னால் அவள் திரும்பிப் பார்ப்பாளா என்று காத்திருந்தார்கள். அவள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வர ஆரம்பித்தாள். அந்த ஆட்டோக் காசை அந்த டீக்கடையில் யார் கொடுப்பது?

குற்றவாளியைச் சினிமா உண்டாக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வேடிக்கை பார்க்கிறவர்களைத் தயார் செய்து கொடுக்கிறது. பெண் பயப்படுவதை நாணம் என்று படிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? வீட்டிலா, பள்ளிக்கூடத்திலா? ஐம்பது வருஷமாகத் திரையில்தான்.

பொம்பளைங்களே ரசிக்கிறாங்களே என்பார்கள். ரசிக்கிறார்கள்தான். ரசிப்பவளுக்குக் கருத்து இருக்கக்கூடாதா? கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ வந்தது 1974இல். அப்பா ஓடிப்போய், அண்ணன் குடித்துத் திரிய, குடும்பத்தையே சம்பளத்தில் தாங்கும் கவிதா. எங்கள் கூடத்து டிவியில் அது ஓடியபோது, கறுப்பு வெள்ளைப் படம், மாடிப் பெண்கள் பத்து நிமிஷத்தில் எழுந்துபோய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் எழவில்லை. செய்யாற்றுப் பெண்ணின் சம்பளத்தில்தான் தம்பிக்குப் பைக் தவணையும் அக்கா கல்யாணக் கடனும் போகின்றன. “கவிதாவுக்கு மட்டும் பேங்க்ல தனியா ஒரு அக்கவுன்ட் இருந்திருந்தா படம் பாதியிலயே முடிஞ்சிருக்கும்” என்றாள். பாலசந்தர் பற்றி நான் படித்த நீண்ட கட்டுரைகள் ஒன்றிலும் இவ்வளவு சுருக்கமான விமர்சனம் கிடையாது.

கம்பெனி பஸ்ஸில் பாட்டுப் போடுவது டிரைவர் அண்ணன் உரிமை. அதிகாலை ஏ ஷிப்ட் பஸ்ஸில் காதலில் தோற்றவன் குடித்துவிட்டுப் பெண் குலத்தையே வைது பாடும் பாட்டாக ஓடும். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடும் பெண்களுக்கு இதுதான் சுப்ரபாதம். ஒருநாள் திருக்கோவிலூர்ப் பெண், “அண்ணா, பாட்ட மாத்துங்கண்ணா” என்றாள். “ஏம்மா, வெறும் பாட்டுதான” என்றார் அவர். “அதான்ண்ணா, வெறும் பாட்டுதான? மாத்துங்க” என்றாள். மாற்றிவிட்டார். பஸ்ஸே கைதட்டியதாம். வெறும் படம்தானே என்கிறவர்களிடம் நான் கேட்பதும் இதுதான். அது வெறும் படம் என்றால், அதைப் பற்றி ஒருத்தி பேசினால் உங்களுக்கு ஏன் சுருக்கென்று குத்துகிறது?

இன்னொரு குற்றச்சாட்டு, இதெல்லாம் சென்னையில் ஆங்கிலம் படித்தவர்கள் கிளப்பிவிடுவது, உழைக்கிற பெண்களுக்கு வேறு ஆயிரம் பிரச்சினை என்பது. உழைக்கிற பெண்களின் ‘வேறு பிரச்சினை’யை இவர்கள் காதுகொடுத்துக் கேட்ட லட்சணம் நமக்குத் தெரியும். 2021 டிசம்பரில் பூந்தமல்லியில் ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 250 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். விடுதிச் சோறும் கழிப்பறையும் சரியில்லை என்கிற பேச்சு அதற்கு முன்னால் அந்தப் பெண்கள் நடுவே இல்லாமலா இருந்திருக்கும்? அதற்குப் பெயர் புலம்பல், பொண்ணுங்க பேச்சு. அவர்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அது செய்தி ஆனது. ஆலை மூடியது, விடுதிகளின் நிலை தரத்துக்குக் கீழே இருப்பதாக ஆப்பிளே சொல்லி அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது, ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை முதல்வர் திறந்துவைத்தார். சோற்றைப் பற்றிய புலம்பலும் சீரியலைப் பற்றிய புலம்பலும் ஒரே பஸ்ஸில், ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வருவதுதான். ஒன்று உழைப்பாளியின் குரல், இன்னொன்று பொழுதுபோகாதவளின் அரட்டை என்று பிரித்துக்கொடுக்க இவர்கள் யார்?

சில படங்கள் இந்த அரட்டையைக் காதில் வாங்கிக்கொண்டு எடுக்கப்பட்டவை. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கமல்ஹாசன் தயாரித்த ‘மகளிர் மட்டும்’ 1994இல் வந்தது. ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள், சபலக்கார மேலாளராக நாசர். ஆங்கிலப் படத்தின் சாயல்தான், இருக்கட்டும். பணியிடத்தில் பாலியல் தொல்லை என்றால் என்னவென்று உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வரையறுத்ததே 1997இல்தான். சட்டம் வர 2013 ஆனது. அந்தப் பெயர் நாட்டுக்குக் கிடைப்பதற்கு முன்னாலேயே ஊர்வசியும் ரேவதியும் ரோகிணியும் அதைக் காட்டித் தியேட்டரைச் சிரிக்க வைத்தார்கள். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்பதைக் காட்டியது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போடவேண்டும் என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது 2021இல். படத்தால்தான் சட்டம் வந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், மாடிப் பெண்கள் சொல்வார்கள். அவர்கள் லைனில் இன்னும் நின்றுகொண்டுதான் வேலை.

நம் சினிமாவுக்குக் கம்பெனி பஸ் ஓடும் எங்கள் சாலை இன்னும் கண்ணில் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் இரவில் ஆலைகளில் வேலை செய்யக்கூடாது என்றிருந்த சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் செல்லாது என்றது. அதற்குப் பிறகுதான் சி ஷிப்ட் பஸ்ஸில் பெண்கள் ஏறினார்கள். கால் நூற்றாண்டு ஆகிறது. திரையில் ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் நடக்கும் பெண் இன்னும் ஆபத்தில் இருக்கிறாள், அல்லது ஆபத்தானவளாக இருக்கிறாள். டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிறவளாக அவளை நான் அதிகம் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று மிச்சம் இருக்கிறது. இப்படி ஆளாளுக்கு நொட்டை சொன்னால் யார் படம் எடுப்பது என்கிறார்கள். எடுக்கத்தான் எடுக்கிறார்கள். 2023இல் ‘அயலி’ வெப் சீரிஸ் வந்தது, வயதுக்கு வந்ததை மறைத்துப் படிக்கப்போகும் பெண்ணின் கதையை எங்கள் தெருவில் பாட்டிகள் வரை உட்கார்ந்து பார்த்தார்கள். 2024இல் ‘லப்பர் பந்து’ வந்தது. கிரிக்கெட், சாதி, வீம்பு பிடித்த இரண்டு ஆண்கள் எல்லாம் இருந்தும், வீட்டுக்காரரை ஒரு பார்வையில் நிறுத்திவைக்கும் சுவாசிகாவின் யசோதையைத்தான் மாடியில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சித்தி மகனும் அதை இரண்டு தடவை பார்த்தான். அங்கே யாரும் அவனுக்குப் பாடம் எடுக்கவில்லை, நன்றாகச் சிரித்துவிட்டுத்தான் வந்தான். நல்ல இயக்குநருக்கு ரசிகையின் வாய் தொல்லை இல்லை. அதையும் மீறி இவள்கள் பேச்சைக் கேட்டால் தொழில் செய்ய முடியாது என்று ஒருவர் நினைத்தால், அவர் தாராளமாகக் கேமராவை மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வரலாம். வாலாஜாபாத்தில் மனை வியாபாரம் இப்போது நன்றாகப் போகிறது.